ஒரு பருவம், ஒரு தாள்: தமிழ்த்துறைப் பாடத்திட்டக் குழுக்களுக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்த்துறைப் பேராசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,



அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் உங்கள் துறையில் ஒரு பருவம், ஒரு தாள் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கோரிக்கை சின்னது. அதன் பின்னால் இருக்கும் ஆதங்கம் சின்னதல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பாடத்திட்டங்களில் சிறுகதை இருக்கிறது, புதினம் இருக்கிறது, நாடகம் இருக்கிறது. இதழியல், மொழிபெயர்ப்பியல், நாட்டுப்புறவியல், சுற்றுலாவியல் எல்லாம் விருப்பப் பாடங்களாக இருக்கின்றன. விஞ்ஞானக் கதை என்று வந்தால் மட்டும் ‘அறிவியல் தமிழ்’ என்ற அலகில், கலைச்சொல்லாக்கத்துக்கும் கணினித் தமிழுக்கும் நடுவில், சுஜாதாவின் பெயர் ஒரு வரியில் வந்துபோகிறது. அறிவியலைத் தமிழில் பரப்பியவர் என்பதுதான் அங்கே அவருக்குக் கிடைக்கும் இடம். அவர் எழுதியது கதை, அதைக் கதையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அலகில் இல்லை. மிகுபுனைவின் நிலை இன்னும் மோசம். அது சிறுவர் இலக்கியத்தோடு சேர்த்து ஓரம்கட்டப்பட்டுவிட்டது.

அதே வளாகத்தில் அடுத்த கட்டடத்தில் ஆங்கிலத் துறை இருக்கிறது. அங்கே ஒரு மாணவி 1818-ல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் படிக்கிறாள். படைத்தவனால் கைவிடப்பட்ட உயிரின் தனிமையைப் பற்றி வகுப்பில் பேசுகிறாள், தேர்வில் எழுதுகிறாள். உங்கள் மாணவி விடுதியில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறாள். ‘இன்று நேற்று நாளை’ படத்தில் காலத்தில் பின்னோக்கிப் போனவன் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று இருவரும் இரவெல்லாம் வாதாடுகிறார்கள். ஒருத்திக்கு அந்த வாதத்தைத் தொடர வகுப்பறை இருக்கிறது. இன்னொருத்திக்கு இல்லை. காலம், விதி, ஊழ் என்று ஈராயிரம் ஆண்டாகப் பேசிவரும் இலக்கியத்தைப் படிக்கிறவள் உங்கள் மாணவிதான். அவளுக்கு இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

தமிழ் இளங்கலை மாணவர்களை மட்டும் எண்ணி இதை எழுதவில்லை. பகுதி ஒன்று தமிழில் உங்கள் முன் அமர்கிறவர்களில் இயற்பியல் படிக்கிறவர் உண்டு, கணினி அறிவியல் படிக்கிறவர் உண்டு, விலங்கியல் படிக்கிறவர் உண்டு. பள்ளிக்குப் பிறகு அவர்கள் தமிழ் இலக்கியத்தோடு முகம் பார்த்துப் பேசும் கடைசி வாய்ப்பு உங்கள் வகுப்புதான். காலையில் ஆய்வகத்தில் மரபணுவைப் பற்றியும் கணினி கற்றுக்கொள்ளும் விதத்தைப் பற்றியும் படித்துவிட்டு வருகிறார்கள். அந்த அறிவைப் பற்றிக் கவலைப்படவும் கனவு காணவும் பயப்படவும் தமிழில் இடம் உண்டு என்று அவர்களுக்கு யார் காட்டுவது? உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஆய்வு நிலைக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி, தமிழ் அறிவியல் புனைவில் காலப்பயணம் என்ற பொருளில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பி ஒரு பல்கலைக்கழகத்தை அணுகினாள். “இதெல்லாம் ஆய்வாகுமா அம்மா? ‘சமுதாயச் சிந்தனைகள்’ என்று தலைப்பை மாற்றிக்கொண்டு வா” என்று சொல்லி அனுப்பினார்கள். மாற்றிக்கொண்டு போனாள். ஆசிரியர் வாழ்வும் படைப்பும் ஓர் இயல், கதைச்சுருக்கம் ஓர் இயல், பாத்திரப் படைப்பு ஓர் இயல், சமுதாயச் சிந்தனை ஓர் இயல், மொழிநடையும் உத்திகளும் ஓர் இயல். அவள் கேட்க வந்த கேள்வி கடைசி இயலில் ஒரு பத்தியாகச் சுருங்கிப்போனது. பட்டம் கிடைத்தது. அந்த ஆய்வேட்டின் அட்டையை நீக்கிவிட்டு வேறு எந்த நாவலாசிரியர் பெயரைப் போட்டாலும் இயல்கள் அப்படியே பொருந்தும். இந்த அச்சில் வார்த்த ஆய்வேடுகள் உங்கள் நூலகத்திலும் வரிசையாக இருக்கின்றன. நீங்களே புரட்டிப் பார்த்திருப்பீர்கள்.

படைப்பின் மையக் கேள்வியை விட்டுவிட்டு மற்றவற்றைத் தேடும் இந்தப் பழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஒருவர் லண்டனில் பிரிட்டிஷ் அகாடமி சொற்பொழிவு ஆற்றினார். பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தைப் பற்றிய பேச்சு அது. அதுவரை அறிஞர்கள் அந்தக் காவியத்திலிருந்து வரலாற்றையும் மொழியியலையும் பழக்கவழக்கங்களையும் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிலுள்ள அரக்கனும் நாகமும் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தன. இவ்வளவு உயர்ந்த கவிதையில் இதெல்லாம் எதற்கு என்று நினைத்தார்கள். அரக்கர்கள்தான் காவியத்தின் நடுப்பொருள், அவர்களை விலக்கிவிட்டால் கவிதையே இல்லை என்று அந்தப் பேராசிரியர் வாதிட்டார். அவர் பெயர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். மூன்று ஆண்டு கழித்து, 1939-ல், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாயக் கதைகளைப் பற்றி அவர் ஆற்றிய உரை இன்றைக்கும் மிகுபுனைவு ஆய்வின் அடிப்படை நூல்களில் ஒன்று. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதியவர் என்றே அவரை நம் மாணவர்களுக்குத் தெரியும். பழம் இலக்கியம் கற்பித்த மொழிப் பேராசிரியர் என்பதும் தெரியவேண்டும். அவர் உங்கள் தொழிலைச் செய்தவர்.

இப்போது சீவக சிந்தாமணியைத் திறந்துகொள்ளுங்கள். நாமகள் இலம்பகம். சச்சந்தன் தன் மனைவி விசயை கண்ட கனவால் வரப்போகும் கேட்டை உணர்ந்து, தச்சனைக் கொண்டு ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். திருத்தக்கதேவர் அதை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். தெய்வம் வந்து வரமாகத் தந்தது என்று சொல்லவில்லை. மந்திரம் சொன்னதும் பறந்தது என்றும் சொல்லவில்லை. துணிக்கிழிகள், பயின் என்னும் பசை, நூல், அரக்கு, மெழுகு என்று பொருள்களைப் பட்டியலிடுகிறார். ஏழு நாளில் செய்து முடித்தான் என்று கால அளவு தருகிறார். பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைப் பிளந்துகொண்டு மேலே போகும், இடப்பக்கம் திருகினால் கால்களை மடக்கித் தரையில் இறங்கும் என்று இயக்கும் முறை சொல்கிறார். அதோடு விடவில்லை. மாடங்களையும் சோலைகளையும் ஒட்டிச் சில நாள் ஓட்டிப் பழகியே விசயை அதைக் கற்றுக்கொள்கிறாள். அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ந்துகொண்ட நாளில் கருவுற்ற அரசி அந்தப் பொறியில் தனியாகப் பறந்து போகிறாள். வழியில் அவள் மயங்க, பொறி இறங்கிய இடம் சுடுகாடு. காவியத் தலைவன் அங்கே பிறக்கிறான்.

இதை நீங்கள் எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள். ‘கற்பனை வளம்’ என்ற தலைப்பில் ஐந்து மதிப்பெண் வினாவாகக் கேட்டிருப்பீர்கள். நான் கேட்பது வேறு. இல்லாத ஒரு பொருளை வாசகன் நம்பும்படி செய்ய ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தமிழ்க் கவிஞர் கையாண்ட வழி என்ன? பொருள்களின் பெயரைச் சொன்னார், விதியைச் சொன்னார், பழக்கத்தைச் சொன்னார். அந்த விதியையே பிறகு கதைத் திருப்பத்துக்கும் பயன்படுத்தினார்: இயக்குகிறவள் நினைவிழந்தால் பொறி தாழ இறங்கித்தானே ஆகவேண்டும்? இன்றைய நல்ல அறிவியல் புனைவு எழுத்தாளரும் இதைத்தான் செய்கிறார். முதலில் விதியை வைக்கிறார், பிறகு அந்த விதியாலேயே பாத்திரத்தை இக்கட்டில் நிறுத்துகிறார். இந்த ஒற்றுமையைக் காட்ட ஒரு வகுப்பு நேரம் போதும். ஆனால் அதைக் காட்ட ஒரு தாள் வேண்டும்.

ஒரு விஷயத்தில் உங்களிடம் மன்றாடியே கேட்கிறேன். மயிற்பொறியை வைத்துக்கொண்டு ‘தமிழன் அன்றே விமானம் கண்டான்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு மாணவனின் அறிவியலையும் கெடுக்கிறது, இலக்கியத்தையும் கெடுக்கிறது. விமானம் இருந்தது என்றால் திருத்தக்கதேவர் பார்த்ததை எழுதிய ஆள் ஆகிவிடுகிறார். இல்லாததை நினைத்த மனம் அவருடையது. அதைப் பறித்துத் தச்சன் கையில் கொடுப்பதில் என்ன பெருமை? கற்பனையைக் கற்பனையாக மதிக்கத் தெரியாத சமூகத்தில்தான் கற்பனை வரலாறாக வேடம் போடுகிறது. புனைவு எது, சான்று எது என்று பிரித்தறியும் பயிற்சியை ஒரு பட்டதாரிக்குத் தரவேண்டியவர்கள் நீங்கள். அதற்கு அறிவியல் புனைவைப் போல நேரடியான பயிற்சிக்களம் வேறு இல்லை.

மணிமேகலையின் அமுதசுரபியையும் இப்படியே படிக்கலாம். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் என்பதோடு நம் பாடம் நின்றுவிடுகிறது. சாத்தனார் நிற்கவில்லை. நாட்டில் மழை பொழிந்து, விளைச்சல் பெருகி, பசித்தவரே இல்லாமல் போனால் அந்தப் பாத்திரத்துக்கும் அதை ஏந்தியவனுக்கும் என்ன வேலை என்று கேட்கிறார். ஆபுத்திரன் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு பசித்தவரைத் தேடி அலைகிறான். அற்புதப் பொருள் ஒன்றைப் படைத்துவிட்டு, அது தேவையில்லாத உலகத்தையும் நினைத்துப் பார்க்கிற துணிவு அது. எந்திரங்கள் எல்லா வேலையையும் செய்துவிட்டால் உழைத்துப் பழகிய மனிதனுக்கு என்ன மிஞ்சும் என்று இன்றைய கதைகள் கேட்கும் கேள்விக்கு இது மிக அருகில் நிற்கிறது.

இலக்கணமும் நம் பக்கம் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நால்வகையாகப் பிரிக்கும்போது, உலகில் நடவாத பொருளை வைத்துக் கட்டிய கதைக்குத் தனி வகை ஒதுக்குகிறது. யானையும் குருவியும் நட்புக்கொண்ட கதை என்று உரையாசிரியர் பேராசிரியர் அதற்கு விளக்கம் சொல்கிறார். அணியிலக்கணத்தில் இல்பொருள் உவமை உண்டு. நடவாததற்கு இடம் வேண்டும் என்று இலக்கணம் வகுத்தவர்களே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாடத்திட்டம் வகுக்கும் நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள்?

இக்கால இலக்கியத்தில் நீங்கள் ஏற்கெனவே நடத்தும் பாடங்களையே எடுத்துக்கொள்வோம். பாரதியின் ‘ஞானரதம்’ மனத்தேரில் ஏறி உலகம் உலகமாகப் போய்வரும் கதை. அது பெரும்பாலும் பாரதியின் உரைநடைக்குச் சான்றாக மட்டும் வகுப்புக்கு வருகிறது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சமூக எள்ளலுக்குச் சான்று ஆகிவிட்டது. அந்தக் கதையின் தொடக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். சென்னையில் பிராட்வே முனையில் நின்றுகொண்டு கந்தசாமிப் பிள்ளை காலணா, அரையணாவாகக் கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் இவ்வளவு, பஸ்ஸில் போனால் இவ்வளவு, மிச்சத்தில் வெற்றிலை பாக்கா, அரைக் கப் காப்பியா? காசுக் கணக்கு இவ்வளவு துல்லியமாக விழுந்த பிறகுதான் கடவுள் வந்து வழி கேட்கிறார். நடக்கவே முடியாத ஒன்று உள்ளே வரவேண்டுமென்றால் சுற்றியுள்ள மற்ற எல்லாம் அணா பைசா பிசகாமல் இருக்கவேண்டும் என்று புதுமைப்பித்தனுக்குத் தெரிந்திருந்தது. மிகுபுனைவின் முதல் பாடம் இது. கதை உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. பாடம் மட்டும் நடக்கவில்லை.

தனியாக ஒரு வாசிப்பு முறை தேவையா, மற்ற கதைகளைப் போலவே படித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. ‘அவள் தன் நினைவுகளை அடகு வைத்துவிட்டு வீடு திரும்பினாள்’ என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கதையில் இது உருவகம். யாரிடமோ மனத்தைப் பறிகொடுத்துவிட்டாள் என்று படித்துவிட்டுப் போவோம். அறிவியல் புனைவில் இது நடந்த செய்தியாக இருக்கக்கூடும். அப்படியானால் வாசகன் உடனே கேட்க வேண்டும்: அடகு பிடிக்கிறவர் யார்? எந்த நினைவுக்கு எவ்வளவு கடன்? வட்டி கட்டாவிட்டால் நினைவு ஏலம் போகுமா? அதை வாங்குகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள்? வீடு திரும்பியவளுக்குத் தன் பிள்ளையின் முகம் அடையாளம் தெரியுமா? ஒரே வாக்கியத்திலிருந்து ஒரு பொருளாதாரமும் சட்டமும் குடும்பமும் எழும்பி வருகின்றன. வேறிடத்தில் உருவகமாக நிற்கும் வாக்கியம் இங்கே நேர்ப்பொருளில் நடக்கும் என்பதை அமெரிக்க எழுத்தாளர் சாமுவேல் டிலேனி விரிவாக எழுதியிருக்கிறார். திறனாய்வாளர் டார்கோ சூவின் 1979-ல் வெளியிட்ட நூலில், பழகிய உலகத்தை அறிவுக்குப் பொருந்தும் வகையில் அந்நியமாக்கிக் காட்டுவதே இந்த வகையின் அடிப்படை என்று நிறுவினார். மேலைக் கொள்கைகளை வகுப்பில் மனப்பாடமாக ஒப்பிக்கத் தேவையில்லை. ஆனால் இப்படிக் கேள்வி கேட்டுப் படிக்கும் பழக்கம் கற்பித்தால்தான் வரும்.

இந்தப் பழக்கத்தோடு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வுக்கு வாருங்கள். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, பிறகு தொலைக்காட்சிக்கும் போனது. ஜீனோ என்ற எந்திர நாய்க்குட்டியைத் தமிழ்நாடே கொஞ்சியது. கதை நடக்கும் நாட்டில் ஜீவாவின் ஆட்சி. பிள்ளை பெற அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். கதையோட்டத்தில் இந்தப் பெயர் விஷயத்தைத் தாண்டிப் போய்விடுவோம். வகுப்பில் நின்று யோசிக்கலாம். நம் ஊரில் ஒருவர் பெயர் என்னவெல்லாம் சுமக்கிறது? குலதெய்வம், தாத்தா, ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, ஒரு காலத்தில் சாதியும்கூட. அத்தனையையும் இரண்டெழுத்தில் வெட்டிவிட்ட அரசு என்ன செய்திருக்கிறது? சாதியை ஒழித்ததா, நினைவை ஒழித்ததா, இரண்டையும் ஒரே வெட்டில் ஒழித்ததா? இதை விடுதலை என்பதா, கொடுமை என்பதா? முப்பது மாணவர்கள் இருக்கும் வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தேடுகிற ‘சமுதாயச் சிந்தனை’ தானாக வரும்.

சுஜாதாவோடு நின்றுவிடவும் கூடாது. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு சித்த மருத்துவம், ரசவாதம் போன்ற நம் மரபறிவுத் துறைகளையே அறிவியல் புனைவின் களமாக்கியது. அவருடைய ‘விஷ்ணுபுரம்’ 1997-ல் வந்தது. ஒரு கற்பனை நகரத்தையும் அதன் தத்துவங்களையும் எழுப்பி இடித்த நாவல். க. சுதாகரின் ‘6174’ ஓர் எண்ணின் கணித விந்தையைச் சுற்றி ஓடுகிறது. தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’ இருக்கிறது. ‘அரூ’ இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்திப் புதியவர்கள் பலரை எழுத வைத்தது. இவற்றில் சில சிறந்தவை, சில சுமார். பழைய வார இதழ்களில் வந்த விஞ்ஞானக் கதைகளில் பெரும்பகுதி ஒரு புதுக் கருவியும் கடைசி வரியில் ஒரு திருப்பமுமாக முடிந்துபோனவை என்று நானே சொல்வேன். ஆனால் அது ஏன் போதாது என்று ஒரு மாணவன் காரணத்தோடு எழுதத் தெரிந்துகொள்வதும் கல்விதானே? தரமான படைப்புகள் வரட்டும், பிறகு பாடம் வைக்கலாம் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். தரத்தை அளக்கும் அளவுகோல் வாசிப்பிலிருந்தும் திறனாய்விலிருந்தும்தான் வரும். திறனாய்வு உங்களிடமிருந்துதான் வரவேண்டும்.

இன்னொரு தடையையும் காதில் கேட்டிருக்கிறேன்: “எங்களுக்கு அறிவியல் தெரியாதே.” ஐந்திணைக் கருப்பொருளை நடத்துகிறீர்கள், தாவரவியல் பட்டம் பெற்றா நடத்துகிறீர்கள்? தெரியாத இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள். இயற்பியல் துறை உங்கள் வளாகத்திலேயே இருக்கிறது. ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் போகிறவனுக்குக் காலம் ஏன் மெதுவாக நகர்கிறது என்பதைச் சொல்ல அங்கிருந்து ஒருவரை ஒரு மணி நேரம் அழையுங்கள். அந்த ஒரு மணி நேரம் இரண்டு துறைக்கும் நன்மை செய்யும்.

துறைக்குள் புதிதாக ஒன்று நுழைந்த முன்மாதிரி உங்களுக்கு முன்னாலேயே இருக்கிறது. தெம்மாங்கும் ஒப்பாரியும் விடுகதையும் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தக்கவையா என்று கேட்டவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். நா. வானமாமலை போன்றவர்கள் ஊர் ஊராகச் சேகரித்தார்கள், பதிப்பித்தார்கள், ‘ஆராய்ச்சி’ இதழ் நடத்தினார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்று தனித் துறையே வந்தது. இன்று நாட்டுப்புறவியல் இல்லாத தமிழ்ப் பாடத்திட்டம் உண்டா? தலித் இலக்கியமும் இப்படிப் போராடித்தான் உள்ளே வந்தது. ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தவர்கள் உங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான்.

மற்ற இடங்களில் இந்தக் கதவு திறந்து வெகுகாலம் ஆயிற்று. அமெரிக்காவில் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ என்ற ஆய்விதழ் 1959-லேயே தொடங்கியது. லிவர்பூல் பல்கலைக்கழகம் அறிவியல் புனைவு நூல்களைப் பெரிய சேகரமாகக் காக்கிறது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மிகுபுனைவுக்கு முதுகலைப் படிப்பும் ஆய்வு மையமும் உண்டு. வெளிநாடு கிடக்கட்டும். வங்காளத்தில் ஜகதீஷ் சந்திர போஸ் 1896-ல் விஞ்ஞானக் கதை எழுதிப் பரிசு பெற்றார். அந்த மரபை அங்கே போற்றிப் பேசுகிறார்கள். மராத்தியர்கள் தங்கள் 94-வது இலக்கிய மாநாட்டுக்குத் தலைவராக வானியலாளரும் அறிவியல் புனைவு எழுத்தாளருமான ஜெயந்த் நார்ளிகரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மொழியில் அவருக்கு இலக்கியவாதி என்ற மரியாதை இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் மிகும். பெண்கள் ஆளும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து ரொக்கையா ஹுசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ இன்று உலகெங்கும் வகுப்புகளில் படிக்கப்படுகிறது. அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகம் நடத்தி, மேகத்திலிருந்து நீரை இறக்கி, சூரிய வெப்பத்தைச் சேமித்து வைத்து, அதைக் கொண்டே படையெடுத்து வந்தவர்களை விரட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தக் கதை 1905-ல் முதன்முதலாக அச்சேறியது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘தி இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். பெண்ணிய அறிவியல் புனைவின் முன்னோடிப் படைப்புகளில் ஒன்று நம் தலைநகரத்தில் வெளிவந்தது. ‘பெண்ணியம்’ என்று தாள் வைத்திருக்கும் எத்தனை தமிழ்த்துறைகளில் இது ஒரு குறிப்பாகவாவது வருகிறது?

காலம் நமக்காகக் காத்திருக்கவும் இல்லை. வார இதழ்களில் வந்த விஞ்ஞானக் கதைகள் பெரும்பாலும் நூலாகவில்லை. அந்தத் தாள் பழுத்து உதிர்கிறது. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’ ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு விஞ்ஞானக் கற்பனையை அறிமுகம் செய்தது. அந்தப் பிரதிகள் இன்று தனிப்பட்ட சேகரிப்பாளர்களின் அலமாரிகளில்தான் இருக்கின்றன. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் காத்து வைத்திருப்பதைத் தவிர மற்றவை பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஓர் ஆய்வு மாணவருக்கு ‘தமிழ் அறிவியல் சிறுகதைகள்: அடைவு’ என்று தலைப்புக் கொடுத்து, ஒரு வார இதழின் பத்தாண்டுத் தொகுதிகளைப் புரட்டச் சொன்னாலே பெரும்பணி நடந்துவிடும். அடைவு தயாரிப்பது தமிழ்த்துறைகளுக்குப் பழகிய வேலை. இதற்கும் செய்யுங்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தன்னாட்சிக் கல்லூரிகளில் இருக்கும் நீங்கள் உங்கள் பாடத்திட்டத்தை நீங்களே திருத்த முடியும். அடுத்த திருத்தத்தில் இளங்கலைத் தமிழுக்கு ஒரு விருப்பப் பாடத் தாளை அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் ஒதுக்குங்கள். மயிற்பொறியையும் அமுதசுரபியையும் முதல் அலகில் வையுங்கள். ஞானரதமும் புதுமைப்பித்தனும் அடுத்து வரட்டும். சுஜாதாவின் ஒரு நாவலை முழுமையாகப் படிக்க வையுங்கள், சுருக்கம் வேண்டாம். இன்று எழுதுகிறவர்களிடமிருந்து நான்கைந்து கதைகளைத் தேர்ந்தெடுங்கள். நூல் கிடைப்பதில்லை என்பது உண்மையான சிரமம்தான். பகுதி ஒன்று தமிழுக்குக் கல்லூரியே பாடநூல் தொகுத்து வெளியிடுகிறதல்லவா? அதேபோல உரிமை பெற்று இதற்கும் ஒரு தொகுப்பு வெளியிடுங்கள். முழுத் தாளுக்கு இடமில்லை என்றால் பொதுத்தமிழ்ச் சிறுகதை அலகில் இரண்டு கதைகள். அதுவாவது வேண்டும்.

வினாத்தாளையும் மாற்றுங்கள். ‘கதைச்சுருக்கம் வரைக’ என்று கேட்டால் மாணவர்கள் உரைநூலைத்தான் படிப்பார்கள். ‘இக்கதையின் உலகில் மாறியிருக்கும் விதி எது? அதனால் ஆதாயம் அடைகிறவர் யார், இழக்கிறவர் யார்?’ என்று கேளுங்கள். கதையைப் படிக்காமல் இதற்கு விடை எழுத முடியாது.

நெறியாளர்களாக இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மாணவி காலப்பயணம் என்றோ, எந்திர மனிதன் என்றோ, கற்பனை நகரம் என்றோ ஒரு தலைப்போடு உங்கள் அறைக்கு வந்தால் தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். அவளை உட்கார வைத்து, என்ன கேட்க நினைக்கிறாய் என்று கேளுங்கள். பிறகு அந்தத் தலைப்பிலேயே கையெழுத்திட்டுக் கொடுங்கள்.


உங்கள் வகுப்புகளிலிருந்து வந்த ஒரு வாசகர்